பைத்தானின் பெப் முறை: உங்கள் திட்டத்துக்குச் சரிவருமா?

திறமூலத் திட்டம் கொஞ்சம் வளர்ந்ததும் 'இதையும் சேர்க்கலாமே' என்று கோரிக்கைகள் குவியும். அவற்றைக் கையாள வழி தேடுவோர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பைத்தான் நிரல்மொழியின் பெப் (PEP) முறையை: மாற்றம் கேட்பவர் அதை எண்ணிட்ட ஆவணமாக எழுதி முடிவு பெறும் வழி இது. 2000-இல் தொடங்கியது. விதிகள் பெப் 1-இலும், நிரப்ப வேண்டிய மாதிரிப் படிவம் பெப் 12-இலும் இருக்கின்றன.

யோசனையை முதலில் பொதுவில் பேசிப் பார்க்க வேண்டும். எழுதுபவர் மையக் குழுவைச் சேராதவர் என்றால் அக்குழுவிலிருந்து துணைநிற்கும் ஒரு ஸ்பான்சர் வேண்டும். பிறகு படிவத்தை நிரப்பி, நிலையை 'டிராஃப்ட்' என்று போட்டு, நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட் (சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) போட வேண்டும். பெப் எடிட்டர்கள் வடிவத்தையும் தெளிவையும் பார்த்து எண்ணை உறுதி செய்வார்கள். யோசனை ஏற்கத்தக்கதா என்ற தீர்ப்பு அவர்கள் வேலையல்ல. விவாதம் முடிந்து ஆவணம் திருத்தப்பட்டதும் பைத்தானை வழிநடத்தும் ஸ்டீரிங் கவுன்சிலிடம் போகும். கவுன்சிலோ, அந்தப் பெப்புக்கென நியமிக்கப்பட்ட ஒருவரோ முடிவெடுப்பார். முடிவு அறிவிக்கப்பட்ட இடத்தின் இணைப்பும் ஆவணத்தின் தலைப்பகுதியில் ஏறும்.

இந்த முறையின் உயிர்நாடி 'நிராகரித்த யோசனைகள்' என்ற பகுதி. மாற்று வழிகள் என்னென்ன பேசப்பட்டன, ஏன் கைவிடப்பட்டன என்பதை எழுதியவரே பதிய வேண்டும். சில வருடம் கழித்து அதே கேள்வியோடு வருபவருக்கு எண்ணைச் சொன்னால் போதும். 'இதை எப்படிக் கற்பிப்பது' என்ற பகுதியும் அருமையானது. அதை எழுத உட்காரும்போதுதான் பல வசதிகளின் சிக்கல் எழுதியவருக்கே புலப்படும்.

குறை, காலக்கெடு இல்லாதது. 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் None மதிப்பைக் கையாளச் சுருக்கக் குறியீடுகளைக் கேட்கும் பெப் 505, 2015-இல் எழுதப்பட்டு 'ஒத்திவைப்பு' நிலையிலேயே கிடக்கிறது. ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. ஸ்பான்சர் கிடைக்காத யோசனையோ வாசலிலேயே நின்றுவிடும்.

விவாதம் ஆட்களையும் அரைத்துவிடும். கோவையின் நடுவிலேயே மாறிக்கு மதிப்பு கொடுக்கும் வால்ரஸ் குறியீட்டை (:=) கொண்டுவந்த பெப் 572-ஐக் கடும் விவாதத்துக்குப் பின் ஏற்ற கையோடு, 2018 ஜூலையில், பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அதன் பிறகே ஐவர் கொண்ட கவுன்சில் வந்தது. இறுதி முடிவு ஒரே ஆள் தலையில் விழாதது பெரிய முன்னேற்றம்.

இன்னொரு ஓட்டை: ஏற்றது நடைமுறையில் எதை உடைக்கும் என்ற சோதனையைக் கட்டாயமாக்காதது. டைப் குறிப்புகளை (மதிப்பு எந்த வகை என்று நிரலில் எழுதுவதை) சரங்களாக, அதாவது வெறும் எழுத்துகளாக, வைக்கச் சொன்ன பெப் 563, பைத்தான் 3.7-இல் விருப்பத் தேர்வாக வந்தது. 3.10-இல் எல்லோருக்கும் இயல்பாக்கத் திட்டம். ஓடும்போதே அந்தக் குறிப்புகளைப் படிக்கும் பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற நூலகங்கள் உடையும் என்று 2021 ஏப்ரலில் எதிர்ப்பு எழ, பீட்டா (சோதனைப் பதிப்பு) வெளியாகச் சற்று முன்பு திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் பெப் 649 வேறு வழியைக் கொடுத்து 3.14-இல் நடைமுறைக்கு வந்தது. படிவத்தில் 'பின்னோக்கிய இணக்கம்' என்ற பகுதி உண்டு. எந்தெந்த நூலகங்களில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று அது வற்புறுத்துவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை மட்டும் பைத்தான் நிரலை ஓட்டவிடும் ஜில் (GIL) பூட்டை நீக்கும் பெப் 703-இல் கவுன்சில் கவனமாக நடந்துகொண்டது: படிப்படியாக, தேவையானால் திரும்பப் பெறலாம் என்ற நிபந்தனையோடு 2023-இல் ஏற்றது.

இந்த இடத்தில், பல கணினிகளில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸின் கெப் (KEP) என்ற முன்மொழிவு முறை கறாரானது. ஆல்ஃபாவிலிருந்து பீட்டாவுக்குப் போக என்ன நிறைவேற வேண்டும், ஓடும் கிளஸ்டரில் (கணினித் தொகுப்பில்) வசதியை எப்படி அணைப்பது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ரஸ்ட் நிரல்மொழியின் ஆர்எஃப்சி (RFC) என்ற முன்மொழிவு முறையில் கெடு உண்டு: குழுவினர் ஒப்புதல் சேர்ந்ததும் 10 நாள் இறுதிக் கருத்துக் காலம். ஆனால் ஏற்பு அங்கேயும் உத்தரவாதமல்ல. 2016-இல் ஏற்கப்பட்ட ஆர்எஃப்சி 1210 நிலையான பதிப்பை எட்டவில்லை.

பத்துப் பேருக்குக் குறைந்த திட்டத்துக்குப் பெப் முழுதாகத் தேவையில்லை, சுமைதான். நிரல் இருக்கும் ரெப்போவில் ஒரு ஃபோல்டர் போதும். நோக்கம், விவரம், எது உடையும், சோதித்த இடங்கள், நிராகரித்த யோசனைகள் என ஐந்து தலைப்புகள். எண்ணுக்கு ரஸ்ட் செய்வதுபோல புல் ரிக்வெஸ்ட் எண்ணையே வைத்துக்கொள்ளலாம். முடிவெடுப்பவர் பெயரும் தேதியும் முதல் நாளே மேலே எழுதப்பட வேண்டும். பிழை திருத்தத்துக்கும் சிறு மாற்றத்துக்கும் இதைக் கேட்காதீர்கள். பயனர் எழுதிய நிரலை மாற்றவைக்கும் எதற்கும் கட்டாயம் கேளுங்கள்.