இரண்டு வருடமாக ‘இங்கே’ கேட்ட அனுபவம்

போன வாரம் தக்கலை நண்பன் போனில் கேட்டான்: “மக்கா, நீ எக்செல் படிச்ச வீடியோ கோர்ஸ்ல நானும் சேரட்டா?” என்னைப் போல அவனுக்கும் பார்வை கிடையாது. ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை.

குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். ரப்பர் ஷீட் எடை, ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) எடை, அன்றைய விலை எல்லாம் எக்செல்லில்தான். திரையை எனக்கு வாசித்துச் சொல்வது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள்.

கோர்ஸில் என்னைப் பாடாய்ப் படுத்துவது ‘இங்கே’ என்ற சொல். “இங்கே கிளிக் பண்ணுங்க, அப்புறம் இந்தப் பச்சைக் கட்டத்தை இப்படி இழுங்க.” எங்கே? எப்படி? வேண்டிய வரிகளை மட்டும் காட்டும் ஃபில்டர் பாடத்தை 4 தடவை கேட்டேன். பட்டனின் பெயரை ஆசிரியர் சொல்லவே இல்லை. பின்னணியில் இசை வேறு, என்விடிஏ குரலை அமுக்கிக்கொண்டு. கூட வந்த குறிப்புகளோ முழுக்க ஸ்கிரீன்ஷாட்கள். “கிராஃபிக், கிராஃபிக்” என்றே என்விடிஏ வாசித்தது. கடைசியில் இன்னொரு நண்பர் சொல்லித் தந்தார்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எல். பிறகு தலைப்புக் கட்டத்தில் நின்று ஆல்ட், கீழ் அம்பு. அரை நிமிட வேலை!

வடிவம், அளவு, இடம் இவற்றை மட்டும் நம்பி வழி சொல்லாதீர்கள் என்று, இணையம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் விதி 1.3.3 2008-லேயே சொல்லிவிட்டது. பட்டன் பெயரையும் சேர்த்துச் சொன்னால் கண் தெரிகிறவர்களுக்கு என்ன நஷ்டம்?

ஆனால் அந்தக் கூட்டல் பாடம்! அன்றைக்கு ஆசிரியரின் மவுஸ் பழுதாம். “இன்னைக்கு கீபோர்டுதான்” என்று ஒவ்வொரு கீயாகப் பெயர் சொல்லி அழுத்தினார். கண்ட்ரோல் ஹோம், முதல் கட்டம். எஃப் 2, கட்டத்துக்குள் திருத்த. எண்களுக்குக் கீழே நின்று ஆல்ட், சமக்குறி, என்டர். நானும் கூடவே அழுத்தினேன். மேல் அம்பைத் தட்டியதும் அந்த மாத ஷீட் எடையின் மொத்தத்தை என்விடிஏ வாசித்தது. அதுவரை யாரையாவது கூப்பிட்டுத்தான் அந்த எண்ணைக் கேட்பேன். கடை சாத்திய பிறகும் அதே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாப் பாடத்தையும் இப்படியே நடத்துங்கள் என்று 2 தடவை மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை.

நண்பனிடம் சேராதே என்று சொல்லிவிட்டேன். என் சந்தா நேற்று முடிந்தது. புதுப்பித்திருக்கிறேன், எண்களைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் பாடம் பாக்கி இருக்கிறது.