தெருவில் பாட எந்த இடம் தோது: வேலந்தாவளத்தின் இரு பக்கமும் ஓர் ஒப்பீடு

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா, அந்தப் பக்கம் கோவை மாவட்டம். எங்கள் குழுவில் நான்கு பேர்: ஓர் ஆர்மோனியம், ஒரு டோலக், ஒரு ஜோடி ஜால்ரா, பாடுவதற்கு வாத்தியார். இந்தப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் பாடிய பாட்டையே மறுநாள் பொள்ளாச்சியில் பாடுகிறோம். கேட்பவர்களும் பெரும்பாலும் ஒரே பேச்சுப் பேசுகிறவர்கள்தான். ஆனால் நாங்கள் காலடி வைக்கும் நிலம் மாறும்போது எங்களைப் பார்க்கும் சட்டமும் மாறிவிடுகிறது. தெருவில் பாடுவது குற்றமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்தில்?

தெருக்கலைஞருக்கு உரிமம் வழங்கவென்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. தெருவில் பாடக்கூடாது என்று பொதுவாகத் தடுக்கும் சட்டமும் இல்லை. அரசமைப்பின் 19ஆம் உறுப்பு பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும், தொழில் செய்யும் உரிமையையும் தருகிறது; நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கும் அதிகாரத்தை அரசுக்கும் அதே உறுப்பு தருகிறது. ஆமதாபாத் காவல் ஆணையருக்கு எதிராக ஹிம்மத்லால் ஷா தொடுத்த வழக்கில், பொதுத்தெருவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாமே தவிர, காரணமின்றி மறுக்கும் வரம்பற்ற அதிகாரம் அதிகாரிக்கு இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1972இல் சொன்னது. நடைபாதையில் வியாபாரம் செய்வதும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தொழிலுரிமையே என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் சொன்னது. நாடகக்காரர்களை நெடுங்காலம் மிரட்டிவந்த 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் 2018இல் ஏட்டிலிருந்தே நீக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள், எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றத்தால் செல்லாதவையாகின. ஆகவே என்ன பாடுகிறோம் என்பதற்காக இன்று யாரும் முன்கூட்டிப் பிரதியை வாங்கிப் பார்ப்பதில்லை. தொல்லையெல்லாம் எங்கே நின்று, எவ்வளவு சத்தமாக, எப்படிக் காசு வாங்கிப் பாடுகிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் சாலையோரத்தையும் பேருந்து நிலையத்தையும் பார்க்கலாம். ஆள் சேர்வதில் இதற்கு ஈடான இடம் கிடையாது. மாலை நாலரைக்குப் பள்ளி விட்டு வரும் கூட்டமும் ஆறு மணிக்கு வேலை விட்டு வரும் கூட்டமும் தாமாக வந்து நிற்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் மிகவும் மெலிந்த இடமும் இதுவே. கேரளத்தில் சாலைகளிலும் அவற்றின் ஓரங்களிலும் பொதுக்கூட்டம் நடத்துவதை உயர் நீதிமன்றம் 2010இல் தடைசெய்தது. அதையொட்டி எழுந்த கொந்தளிப்புக்குப் பின், பொதுவழிகளில் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் கட்டுப்படுத்தும் தனிச் சட்டத்தை மாநிலம் 2011இல் இயற்றிக்கொண்டது. வணிகத்தாலோ கூட்டத்தாலோ ஊர்வலத்தாலோ பொதுவழியைத் தடுப்பதை அது விலக்குகிறது. திருவிழா முதலியவற்றுக்கு அனுமதி வாங்க வழியும் வைத்திருக்கிறது. இந்தச் சட்டம் அரசியல் கட்சிகளின் மேடைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது படிக்கும்போதே தெரியும். நான்கு பேர் நின்று பாடினால் சேரும் முப்பது பேரை அது நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நினைத்துப் பார்க்காததனால்தான் அந்த முப்பது பேர் பார்வையாளர்களா, கூட்டமா என்பதை முடிவுசெய்வது அங்கே நிற்கும் காவலரின் கையில் இருக்கிறது.

சென்ற ஆண்டு கன்னி மாதத்தில், அதாவது புரட்டாசியில், நடந்ததைச் சொல்கிறேன். வாத்தியார் இரண்டாவது பாட்டில் சரணத்துக்கு வரும் நேரம், பைக்கை ஓரங்கட்டிவிட்டு ஒரு காவலர் வந்து நின்றார். பாட்டு முடியும்வரை பொறுத்திருந்தவர் தமிழிலேயே சொன்னார்: “வாத்தியாரே, பாட்டுக்கு நான் ஒன்னும் சொல்லலை. ஆளுக ரோட்டுக்கு எறங்கி நின்னா பஸ் எங்க திரும்பும்?” வாத்தியார், “சார், இன்னும் ஒரே பாட்டு,” என்றார். “மைக் உண்டா?” “இல்லீங்க சார்.” “அப்போ ஒன்னு பாடிட்டு அந்த மரத்தடிக்கு மாறிக்கோங்க.” அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்குள் இந்த விஷயத்தின் பாதிச் சட்டம் அடங்கிவிடுகிறது. பேருந்து திரும்பவில்லை என்றால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவு, அதாவது பொதுவழியில் இடையூறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு இருநூறு ரூபாய்வரை அபராதம். 2024 ஜூலை முதல் அது ஐயாயிரம் ரூபாய்வரை. ஒரு மாலையில் ஜால்ராக்காரருக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஐயாயிரத்தின் கனம் விளங்கும்.

எல்லைக்கு அப்பால் நிலைமை இளக்கமா, இறுக்கமா என்றால், வேறு மாதிரி என்பதே சரியான விடை. கோவை மாநகரக் காவல் எல்லைக்குள், 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டப்படி கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்துவது ஆணையரின் பொறுப்பு. பொள்ளாச்சி அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. மாவட்டங்களில் 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவைக் கையாளுகிறார்கள். பெயர்ப்பலகை எதுவானாலும் நடைமுறையில் மனு எழுதிக்கொண்டு போக வேண்டும். ஒருமுறை அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு கடைவீதி முனைக்கு அனுமதி கேட்டுப் போனோம். இடம் எங்களுடையதல்ல என்று ஓர் அலுவலகமும், கூட்டம் எங்கள் வேலையல்ல என்று இன்னோர் அலுவலகமும் மூன்று நாள் எங்களை மாற்றி மாற்றி அனுப்பின. மூன்றாம் நாள் சந்தை முடிந்துவிட்டது, நாங்களும் திரும்பிவிட்டோம். கேரளப் பக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சிறு வசதி உண்டு, அது பலருக்குத் தெரியாது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம். ஆகவே மனுவை மலையாளத்தில் எழுதித் தர ஆள் தேட வேண்டியதில்லை. மனு எழுதும் உழைப்பை மட்டும் ஒப்பிட்டால் எங்களுக்கு இந்தப் பக்கமே தேவலை. தெருவில் நிற்கும் உரிமையை ஒப்பிட்டால் 2011ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாத அந்தப் பக்கம் தேவலை.

இனி ரயில். பாலக்காட்டிலிருந்து கோவை போகும் வண்டிகளிலும் பொள்ளாச்சிப் பாதையிலும் பாடிப் பிழைப்பவர்களைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கேட்பவர் இறங்கிப் போய்விட முடியாது, மழை வெயில் இல்லை, பெட்டிக்குப் பெட்டி புதுக்கூட்டம். ஆயினும் இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவு, உரிமமின்றி விற்பதையும் பிச்சை கேட்பதையும் ரயில் பெட்டியிலும் நிலையத்திலும் விலக்குகிறது; வண்டியிலிருந்து அகற்றும் அதிகாரத்தையும் தருகிறது. சாலையில் உள்ள உரிமையைக் காட்டி வாதிடவும் இங்கே வழியில்லை. ரயில்வேயின் நிலம் ரயில்வேக்கு உரியது, பேச்சுரிமை என்பது பிறர் சொத்தின்மேல் நின்று பேசும் உரிமையாகாது என்ற கருத்தில் நிரஞ்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கண் தெரியாத ஒரு பாட்டுக்காரரைப் பெரும்பாலான பரிசோதகர்கள் கண்டும் காணாமல் விடுகிறார்கள். அது அவர்களுடைய மனசு, அவருடைய உரிமையல்ல.

கோயில் திடல் இந்த நாட்டுப்புறத்தில் மிகப் பழைய விடை. பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்துக்கென்றே கூத்துமாடம் கட்டிவைத்திருக்கிறார்கள். கம்பனின் பாட்டுகள் மலையாள நாட்டில் இரவெல்லாம் ஒலிக்க அந்த மேடையே இடம் கொடுத்தது. இடத்துக்கு உரியவர் தெளிவாகத் தெரிவதுதான் இங்கே பெரிய லாபம். கோயில் கமிட்டியோ, கோயில்களை நிர்வகிக்கும் தேவஸ்வம் போர்டோ சம்மதித்தால் நிலத்தைப் பற்றிய கேள்வி தீர்ந்தது. கொங்குப் படையை விரட்டியதைக் கொங்கன் படை என்று கொண்டாடும் சித்தூர்க் காவு என்ற பகவதி கோயிலுக்குப் பக்கத்தில் கொங்குப் பாட்டுக்காரர்களாகிய எங்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துப் பாட வைத்திருக்கிறார்கள். வரலாறு அவ்வளவு கோபக்காரி அல்ல.

கமிட்டியின் சம்மதம் ஒலியைப் பற்றிய கேள்வியைத் தீர்ப்பதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மத்திய விதிகள், எல்லையின் இரு பக்கமும் ஒன்றே. எழுத்துமூல அனுமதியின்றி ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மைக் இல்லாவிட்டால் இந்த விதிகள் நம்மைத் தொடாது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் வெகுநாள் அப்படியே நினைத்திருந்தேன். இரவு பத்து முதல் காலை ஆறுவரைக்கான தடையில் இசைக்கருவியும் சேர்ந்தே சொல்லப்பட்டிருக்கிறது, மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. அதாவது இரவு பத்தரைக்குத் திறந்தவெளியில் எங்கள் டோலக்கும் விதிமீறலே. பண்டிகைக் காலங்களில் ஆண்டுக்குப் பதினைந்து நாள்வரை, நள்ளிரவு பன்னிரண்டுவரை, மாநில அரசு தளர்த்திக் கொடுக்கலாம். கோயில் விழாவின் நாள் அதற்குள் வருகிறதா என்பதைக் கமிட்டிக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கேரளத்தில் மைக் பெர்மிஷனுக்குக் காவல் துறையின் துணா இணையதளத்திலேயே விண்ணப்பிக்க முடிகிறது. கமிட்டிப் பையன்கள் யாராவது செல்போனிலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

அரசே இடம் ஒதுக்கிக் கொடுக்கும் வழியும் உண்டு. திருவனந்தபுரத்தின் மானவீயம் வீதியும், பொங்கலையொட்டிச் சென்னையின் பூங்காக்களிலும் கடற்கரையிலும் நடக்கும் சென்னை சங்கமமும் நல்ல எடுத்துக்காட்டுகள். அங்கே பாடுபவரைக் கலைஞர் என்று வாய் நிறைய அழைக்கிறார்கள். ஆனால் அவை தலைநகரங்களின் ஏற்பாடு. வேலந்தாவளத்துக்காரனுக்கு ஆண்டில் ஒரு வாரம் கிடைத்தால் அதிகம், மற்ற ஐம்பத்தொரு வாரங்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும்.

காசு வாங்கும் முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா இடத்துக்கும் இது பொது. துண்டை விரித்துவைப்பது எங்கள் வழக்கம். 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம், பாடுவது, ஆடுவது, குறி சொல்வது போன்ற பாவனையில் பொது இடத்தில் தருமம் பெறுவதையும் பிச்சை என்றே வரையறுத்தது. அது டெல்லிக்கும் விரிந்து, அங்கே அதன் பல பிரிவுகளை உயர் நீதிமன்றம் 2018இல் செல்லாதென்று அறிவித்தது. நம் பக்கத்தில் சட்டம் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டின் பிச்சைத் தடுப்புச் சட்டம். கேரளத்திலோ பழைய ஆட்சிகளின் கோடுகள் இன்னும் அழியவில்லை: மலபாருக்கு அதே 1945ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம், திருவிதாங்கூருக்கு மலையாளக் கணக்கான கொல்லம் 1120ஆம் ஆண்டின் பிச்சைத் தடுப்புச் சட்டம், கொச்சிக்கு அதே ஆண்டின் திரிவோர் சட்டம். பாலக்காட்டு நகரம் மலபாரில் இருந்தது, சித்தூர் கொச்சி மகாராஜாவின் கீழ் இருந்தது. ஒரே மாவட்டத்துக்குள் எங்கள் துண்டு இரண்டு பழைய அரசுகளின் நிழலில் விரிகிறது.

இதற்கு மாற்றாகச் சிலர் 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தைக் காட்டுகிறார்கள். பொருள் விற்பவரை மட்டுமல்லாமல் பொதுமக்களுக்குச் சேவை அளிப்பவரையும் அச்சட்டம் வியாபாரி என்கிறது. பாட்டும் சேவைதானே என்பது வாதம். ஏட்டளவில் நன்றாகவே நிற்கும் வாதம் என்று எனக்கும் படுகிறது. ஆனால் விற்கும் இடங்களைப் பற்றி முடிவுசெய்ய உதவும் நகர விற்பனைக் குழுவில் ஐந்தில் இரண்டு பங்காவது வியாபாரிகள் இருக்க வேண்டும் என்ற விதிப்படி அங்கே உட்காரப்போகிறவர் வாழைப்பழக்காரரும் செருப்புக் கடைக்காரரும். தங்களுக்கே இடம் போதாதபோது ஆர்மோனியத்துக்கு அவர்கள் நகர்ந்து கொடுப்பார்களா என்பது சட்டத்தில் எழுதியில்லை.

குரங்கு, பாம்பு வைத்து வித்தை காட்டுபவர்களுக்கு மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் பயன்படாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் எந்த இடத்திலும் அவர்களை நிற்க விடா. குழந்தையைக் கயிற்றில் நடக்கவிடும் கழைக்கூத்துக்கும் காலம் முடிந்துவிட்டது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

எங்கள் குழு இப்போது தேர்ந்தெடுத்திருப்பது நான்கிலும் சேராத ஓர் ஐந்தாவது இடம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தையற்கடை. அதன் முன் உயரமான திண்ணை, தனியார் நிலம். மாலை நாலரை முதல் ஆறரைவரை, மைக் இல்லாமல், சாலைக்கு முதுகு காட்டாமல் பாடுகிறோம். கூட்டம் சாலைக்கு இறங்காதபடி கடைக்காரர் தம் பெஞ்சு இரண்டைக் குறுக்கே போட்டுவிடுகிறார். துண்டு விரிப்பதை நிறுத்திவிட்டோம். கடை மேசைமேல் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது, போட விரும்புகிறவர் உள்ளே வந்து போடுகிறார். வசூல் துண்டைவிடக் குறைவுதான். ஆனால் திண்ணைக்குச் சொந்தக்காரர் எழுதிக்கொடுத்த சம்மதக் கடிதம், மலையாளத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக, ஆர்மோனியப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறது. சென்ற வாரம் புதிதாக மாற்றலாகி வந்த காவலர் இரண்டையும் படித்துப் பார்த்தார். பிறகு, தமக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டைச் சொல்லி, அது தெரியுமா என்று வாத்தியாரைக் கேட்டார்.