அழியா ரசாயனங்கள்: ஒவ்வொன்றாகத் தடையா, ஒட்டுமொத்தமாகவா?

கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு கொண்ட பிஎஃப்ஏஎஸ் எனும் அழியா ரசாயனங்களை, எளிதில் சிதையாத மாசுகளுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒவ்வொரு வகையாகத்தான் கட்டுப்படுத்துகிறது: 2009-இல் பிஎஃப்ஓஎஸ், 2019-இல் பிஎஃப்ஓஏ, 2022-இல் பிஎஃப்எச்எக்ஸ்எஸ். இப்படிச் செய்தால் ஒவ்வொரு தடைக்கும் ஆதாரம் உறுதியாக இருக்கும், சரி. ஆனால் ஒன்றைத் தடுத்தால் அதன் பங்காளி சந்தைக்கு வந்துவிடுகிறது. பிஎஃப்ஓஏ போன இடத்தில் ஜென்எக்ஸ் எனும் இன்னொரு பிஎஃப்ஏஎஸ் வந்தது இப்படித்தான்.

ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் 2023-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்காக முன்வைத்தது வேறு வழி: சுமார் 10,000 சேர்மங்களை ஒரே குடும்பமாகக் கட்டுப்படுத்துவது. எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு எளிதில் உடையாது. பிஎஃப்ஏஎஸ் வகையைச் சேர்ந்த சில பூச்சிக்கொல்லிகள் சிதைந்த பிறகும் டிஎஃப்ஏ எனும் எச்சம் நிலத்தடி நீரில் தங்கிவிடுகிறது. வருத்தம் என்னவென்றால், அந்த முன்மொழிவிலேயே பூச்சிக்கொல்லிகளின் செயல்படு பொருள்களுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் அப்படி விடவில்லை: வேண்டுமென்றே பிஎஃப்ஏஎஸ் சேர்த்த பூச்சிக்கொல்லிகளுக்கு 2030 முதல் அங்கே தடை.