பழைய செயின் சா: சிலிண்டரைச் சுத்தம் செய்வதா, புது கிட் போடுவதா?

செகண்ட் ஹேண்டில் ஒரு செயின் சா (மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம்) கைக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டியது சைலன்சரைத்தான். இரண்டு மூன்று போல்ட் வேலை. அதை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்தபடி புகை வெளியேறும் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டில் கடைசலின் மெல்லிய வரிகள் குறுக்கே தெரிந்தால் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்து, அலுமினியம் இழுபட்டு அப்பின மாதிரி இருந்தால், அந்த மெஷின் எப்போதோ சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருக்கிறது. "கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் ஓடிவிடும்" என்று விற்றவர் சொல்லியிருக்கலாம். சைலன்சரைக் கழற்றிப் பார்க்கும்வரை அதை நம்ப வேண்டாம்.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மட்டும் வைத்தும் முடிவு செய்யக்கூடாது. 150 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டினால் நல்லது, 120-க்குக் கீழே போனால் சிக்கல் என்பது பொதுவான கணக்கு. ஆனால் சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் தேங்கியிருந்தாலே கேஜ் கூடுதலாகக் காட்டும். கண்ணால் பார்த்ததையும் கேஜையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

சரி, கீறல் இருக்கிறது. இப்போது நான்கு வழிகள். பழைய சிலிண்டரைச் சுத்தம் செய்து புது பிஸ்டன் மட்டும் போடுவது ஒன்று. தயாரித்த கம்பெனியின் ஒரிஜினல் சிலிண்டர்-பிஸ்டன் செட் இரண்டாவது. வேறு யாரோ தயாரிக்கும் மலிவான செட் மூன்றாவது. அதே மாடலில் இன்னொரு செத்த மெஷினை வாங்கி அதன் சிலிண்டரை எடுத்துக்கொள்வது நான்காவது. சிலிண்டரின் உள்சுவர்ப் பூச்சு உயிரோடு இருக்கும்வரை முதல் வழியே சிறந்தது என்பது என் கருத்து. பணம் மிச்சமாவது ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிடப் பெரிய காரணம் உலோகத்தின் தரம்.

செயின் சா சிலிண்டர் அலுமினியத்தால் ஆனது. அதன் உள்சுவரில் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு அல்லது குரோமியப் பூச்சு இருக்கும். பிஸ்டன் பிடிக்கும்போது பெரும்பாலும் உருகுவது பிஸ்டனின் அலுமினியம்தான். அது சுவரில் ஒட்டிக்கொள்வதால் சிலிண்டரே கீறிப்போன மாதிரி தெரிகிறது. நிறைய நல்ல சிலிண்டர்கள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. பூச்சு அலுமினியத்தைவிட எவ்வளவோ கடினம். மேலே ஒட்டியதை எடுத்துவிட்டால் அடியில் பழைய சுவர் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம்.

நிக்கல் பூச்சு உள்ள சிலிண்டரில் எடுக்கும் முறை இதுதான். குரோமியப் பூச்சுக்கு இது வேண்டாம், இந்த அமிலம் குரோமியத்தையே கரைக்கும். சிலிண்டரை எஞ்சினிலிருந்து தனியாகக் கழற்றி, காற்றோட்டமான திறந்தவெளியில் வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பஞ்சு சுற்றிய குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட்டு, ஒட்டியிருக்கும் அலுமினியத்தின் மேல் மட்டும் தடவுங்கள். உடனே நுரைக்கும், பஞ்சு கறுக்கும். நுரை அடங்கியதும் துடைத்துவிட்டு மறுபடி தடவுங்கள். ஒரு கட்டத்தில் அமிலம் பட்டும் நுரை வராது. ஒட்டிய அலுமினியம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். போர்ட் துவாரங்களின் ஓரத்திலும் சிலிண்டரின் அடி விளிம்பிலும் அமிலம் படவே கூடாது. அங்கே பூச்சு இல்லை, அசல் அலுமினியமே கரையும். முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, சமையல் சோடா கரைசலால் மிச்ச அமிலத்தை முறித்து, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். அமிலத்தின் ஆவி பக்கத்தில் கிடக்கும் இரும்புக் கருவிகளைத் துருப்பிடிக்க வைக்கும். ஸ்பானர்களைத் தள்ளியே வையுங்கள்.

இந்த வேலையே ஒரு சோதனையும்கூட. எவ்வளவு துடைத்தாலும் ஒரே புள்ளியிலிருந்து நுரை வந்துகொண்டே இருந்தால், அங்கே பூச்சு உடைந்து அமிலம் அடியிலுள்ள அலுமினியத்தைத் தின்கிறது. உடனே நிறுத்திவிட வேண்டும். அந்த சிலிண்டர் முடிந்தது. நுரை நின்றுவிட்டால், எமரி தாளைக் கையால் குறுக்கும் நெடுக்குமாக லேசாக ஓட்டி, பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டக்கூடாது.

சுத்தம் செய்த சிலிண்டருக்குப் புது பிஸ்டனும் புது ரிங்கும் அவசியம். கீறல் விழுந்த பிஸ்டனைத் தேய்த்துத் திரும்பப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கீறல் மிக மெல்லியது, ரிங் அதன் பள்ளத்தில் தாராளமாக அசைகிறது என்றால் ஓடத்தான் ஓடும். ஆனாலும் இவ்வளவு பாடுபட்ட பிறகு அந்தச் சிக்கனம் எனக்குச் சரியாகப் படவில்லை. பிஸ்டன் விஷயத்தில் கம்பெனி அல்லாத சரக்கெல்லாம் மோசம் என்றும் சொல்ல முடியாது. இத்தாலியின் மீட்டியோர் பிஸ்டன்களுக்கு மெக்கானிக்குகளிடம் நல்ல பெயர் உண்டு.

மலிவு சிலிண்டர் செட்டைப் பற்றி என் தயக்கம் வேறு. பூச்சின் தரம் ஒன்றுக்கொன்று மாறும். போர்ட் துவாரங்களின் விளிம்பு மழுக்கப்படாமல் கூராக இருந்தால் ரிங் அதில் சிக்கி உடையும். கூடவே வரும், பிஸ்டனின் பின்னை (pin) நிறுத்திவைக்கும் கிளிப் கழன்றால் ஒரே நொடியில் புது சிலிண்டரும் போய்விடும். வேறு வழியே இல்லாமல் அந்த செட்டைத்தான் போட வேண்டும் என்றால், விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்து மழுக்குங்கள், கிளிப்பை மட்டுமாவது ஒரிஜினலாக வாங்குங்கள். பிஸ்டன் மேலே வரும்போது தலைக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியையும், மெல்லிய சால்டர் கம்பியை பிளக் துவாரம் வழியாக விட்டு நசுக்கி அளந்துகொள்ளுங்கள். 0.5 மி.மீ.-க்குக் குறைந்தால் ஆபத்து.

ஒரிஜினல் செட் தரத்தில் குறை சொல்ல முடியாதது. ஆனால் பழைய மாடல்களுக்குக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் மெஷினின் விலையையே தாண்டலாம். அந்த இடத்தில்தான் நான்காவது வழி கைகொடுக்கும். கார்புரேட்டரோ கிராங்கோ போய்ச் செத்த அதே மாடல் மெஷினில் சிலிண்டர் அருமையாக இருக்கலாம். மலிவு செட்டுக்கு முன் இதைத் தேடிப் பார்ப்பேன். உபரியாக ஸ்க்ரூ, கைப்பிடி, கவர் எல்லாமும் வரும்.

எந்த வழியில் போனாலும் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் மூடக்கூடாது: அது ஏன் பிடித்தது? புகைத் துவாரப் பக்கம் மட்டும் கீறல் என்றால் சூடு. அதாவது எண்ணெய் கலக்காத பெட்ரோல், அல்லது காற்று கூடிய கலவை. உள்ளிழுக்கும் பக்கம் தேய்மானம் என்றால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. காற்று கூடுவதற்கு வழக்கமான காரணங்கள் கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்திலுள்ள, இறுகிப்போன ரப்பர் சீலும் (கிராங்க் சீல்), கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயின் வெடிப்பும். இதைக் கண்டுபிடிக்க உள்ளிழுக்கும் துவாரம், புகைத் துவாரம் இரண்டையும் ரப்பர் ஷீட்டால் அடைத்து, சுமார் 0.5 பார் அழுத்தம் கொடுத்து சோப்புத் தண்ணீர் தடவுங்கள். அப்புறம் அதே அளவு வெற்றிடமும் கொடுத்துப் பாருங்கள். உள்ளிருந்து அழுத்தினால் சீலின் உதடு தண்டோடு ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சும்போதுதான் கசிவு வெளிப்படும். அழுத்தச் சோதனையோடு நிறுத்துபவர்கள் போடும் புது பிஸ்டனும் அதே கதிக்கு ஆளாகிறது.

இங்கேதான் எந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தோம் என்பதும் முக்கியமாகிறது. ஸ்டில் கம்பெனியின் 026 போன்ற தொழில்முறை ரகங்களுக்கு மெக்னீசிய கிராங்க் கேஸ் உண்டு. சீலை வெளிப்பக்கமிருந்தே கொக்கியால் இழுத்து மாற்றிவிடலாம். அதற்குக் கொஞ்சமே சிறிய எஞ்சின் கொண்ட அதே கம்பெனியின் எம்எஸ் 250 போன்றவற்றில் எஞ்சின் ஒரு பிளாஸ்டிக் உடலுக்குள் உட்கார்ந்திருக்கும். கிராங்கின் கீழ்ப்பாதியை மூடுவது சீலன்ட் தடவிய ஒரு தட்டு. சீலை மாற்ற எஞ்சினையே வெளியே எடுத்துப் பிரிக்க வேண்டும். புதிதாக வாங்கி அளவாக ஓட்டுபவருக்கு அந்த அமைப்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பழையதைப் பிரித்துப் புதுப்பிக்க நினைப்பவருக்கு முதல் ரகம்தான் லாபம். வெளியே அடிபட்டுப் பெயிண்ட் போயிருந்தாலும் அதையே எடுப்பேன்.

கார்புரேட்டரில் என் பதில் அநேகமாக எப்போதும் ஒன்றுதான்: பழைய உடலை வைத்துக்கொண்டு ரிப்பேர் கிட் போடுங்கள். வால்ப்ரோ, ஜாமா, டில்லட்சன் என எந்தக் கம்பெனி கார்புரேட்டரானாலும் உடலில் மாடல் எண் பொறித்திருக்கும், அதற்கான டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு), கேஸ்கட், ஊசி எல்லாம் கிட்டாகக் கிடைக்கும். பழைய டயாஃப்ரம் விரலால் அழுத்தினால் மொடமொடவென்று இருக்கும், அதனால் பெட்ரோலை இழுக்காது. ஊசியைத் தூக்கும் சின்ன லீவரின் உயரம் அந்த மாடலுக்கு உரியபடி இருக்க வேண்டும். கூடினால் பெட்ரோல் வழியும், குறைந்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும். ஜெட் துவாரத்தில் கம்பி விட்டுக் குடையாதீர்கள், துவாரம் பெரிதாகிவிட்டால் பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. த்ராட்டில் தண்டு ஆடினாலோ, ஊசி உட்காரும் இடம் அரித்துப் போயிருந்தாலோதான் புது கார்புரேட்டர். பெட்ரோல் டியூபையும் டேங்க் ஃபில்டரையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் நிலைக்காது.

பெட்ரோலுக்கு எண்ணெய்க் கலவை 25:1-ஆ 50:1-ஆ என்ற வாதம் ஓயாது. பழைய மெஷினின் உடலில் 25:1 என்று எழுதியிருப்பது அந்தக் காலத்து எண்ணெய்க்கான அளவு. ஜாஸோ எஃப்டி (டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்க்கான ஜப்பானியத் தரக்குறி) தர எண்ணெயில் 50:1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி., பெரும்பாலும் போதும். புதுப்பித்த எஞ்சினுக்கு 40:1 வைத்துக்கொள்வது என் பழக்கம். ஆனால் எண்ணெய் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. கலவையை மாற்றினால் கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலைச் சரிசெய்யும் ஹெச் ஸ்க்ரூவையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். முழு வேகத்தில், மரத்தில் வைக்காதபோது சத்தம் லேசாக உடைந்து கரகரக்க வேண்டும். மரத்தில் அழுத்தியதும் தெளிவாக வேண்டும். சும்மா ஓடும்போதே கீச்சென்று சுத்தமாகக் கத்தினால் பெட்ரோல் போதவில்லை.

செயின் சுற்றி ஓடும் தட்டையான பார் தேய்ந்திருந்தால் விளிம்பின் பிசிறை அரத்தால் தட்டி, தலைகீழாகத் திருப்பிப் போட்டு ஓட்டலாம். செயினையும் பல் இருக்கும்வரை தீட்டலாம். செயினைச் சுழற்றும் பல்சக்கரம் மட்டும் ஆழமாகத் தேய்ந்திருந்தால் புது செயினோடு சேர்த்து மாற்றுங்கள். கிளட்ச் பெரும்பாலும் இடது மரை, கழற்றும்போது கடிகார முள் திசையில் திருப்ப வேண்டும்.

செயின் பிரேக்கில் மட்டும் பழையதா புதியதா என்ற பேச்சுக்கே இடமில்லை. பட்டி தேய்ந்து மெலிந்திருந்தால் புதிது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிது. எஞ்சினை அணைத்து, பின் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, பாரின் நுனியை ஒரு மரக்கட்டை மேல் விழவிடுங்கள். பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளவில்லை என்றால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்த மெஷினை மரத்தருகே கொண்டுபோகாதீர்கள்.