மசினகுடியில் இரவு சஃபாரிக்கு அழைத்தால் ஜீப்பில் ஏறாதீர்கள்

தை மாத முகூர்த்தத்தில் என் நண்பன் தாலி கட்டியபோது அவனுடைய வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. முதல் முடிச்சைக்கூட அவனால் இறுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற அவனுடைய அக்காதான் மூன்று முடிச்சையும் போட்டார். பைக்கில் விழுந்துவிட்டான் என்று பெண் வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தோம். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். மறுவாரம் அவனே மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். "இதை நாலு பேருக்குத் தெரியும்படி எழுதுங்கள் அண்ணா" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

நாங்கள் ஏழு பேர், கல்லூரி நாளிலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். திருமணத்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து பட்டாயா போவதாகத்தான் முதலில் திட்டம். இருவருக்குப் பாஸ்போர்ட் வந்துசேரவில்லை. அந்தப் பயணத்துக்காக நாங்கள் எடுத்த முன்னெச்சரிக்கையை இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. கடற்கரையில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு எடுத்தால், திருப்பித் தரும்போது பழைய கீறலைக் காட்டிப் பணம் பறிப்பார்கள் என்று படித்து வைத்திருந்தோம். தாய்லாந்து சுற்றுலாப் போலீசின் 1155 என்ற எண் ஏழு பேர் கைபேசியிலும் பதிவாகியிருந்தது. இரவில் யாரும் தனியாகப் போகக்கூடாது, தெரியாதவர் தரும் பானத்தைத் தொடக்கூடாது என்றெல்லாம் பேசி முடித்திருந்தோம். அது கைவிட்டுப் போய், நீலகிரியில் முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடி என்று முடிவானதும் அத்தனையும் மறந்துபோயிற்று. "நம்ம மலைதானே" என்று வீட்டாரும் நிம்மதியாக அனுப்பினார்கள். நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவன். மற்ற ஆறு பேரும் என்னை நம்பித்தான் வந்தார்கள்.

கைபேசிக்கு வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் பேசினோம். நீச்சல் குளத்தோடு மரவீடு, தீமூட்டம், பாட்டு, இரவு உணவு, "காட்டுக்குள் இரவு சஃபாரி" எல்லாம் சேர்த்துத் தலைக்கு 3,500 ரூபாய் என்றார்கள். பாதித் தொகையான 12,250 ரூபாயை முன்பணமாக அனுப்பச் சொன்னார்கள். பணம் போன கணக்கு விடுதியின் பெயரில் இல்லை, ஏதோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. ரசீது கேட்டதற்கு, "வாட்ஸ்அப்பில் உறுதி செய்துவிட்டேனே அண்ணா, அதுவே ரசீது" என்றார் பேசியவர். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்த அறிகுறி வழியிலேயே கிடைத்தது. "ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கி வாருங்கள், சாவடியில் விடுதிக்கு என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்" என்று அவர் சொல்லியிருந்தார். வண்டி கோவைப் பதிவெண் கொண்டது. அதனால் தலைக்குந்தா சாவடியில் போலீசார் திருப்பி அனுப்பினார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான இறக்கம் அது. பழக்கமில்லாத ஓட்டுநர்கள் அதில் உருண்டு செத்திருக்கிறார்கள். தடுத்து நிறுத்திய காவலர் எங்களுக்கு நல்லதைத்தான் செய்தார். கூடலூர், தொரப்பள்ளி, தெப்பக்காடு என்று சுற்றி மசினகுடி சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தன் விருந்தாளியைக் கல்லட்டியில் இறங்கச் சொல்கிற ஒருவருக்கு அந்த விருந்தாளியின் உயிர் பொருட்டே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மரவீடு இல்லை. "இன்று சோதனை வருகிறது, அதனால் வேறு இடம் தருகிறோம்" என்று மாவனல்லாவைத் தாண்டி ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். உண்ணிச்செடிப் புதரை ஒட்டி நான்கு கூடாரங்கள், தகரம் அடித்த ஒரு கழிப்பறை. சுற்றி அகழியோ மின்வேலியோ எதுவும் இல்லை. மீதிப் பணத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் சமையலைத் தொடங்கினார்கள். மதுவை அவர்களே விற்றார்கள், கடை விலையைப் போல இரண்டு மடங்குக்கு. உரிமம் இல்லாத இடத்தில் மது விற்பதே குற்றம். காலியான புட்டிகளைப் பையன்கள் புதருக்குள் வீசிக்கொண்டிருந்தார்கள். உடைந்த புட்டி யானையின் காலைக் கிழிக்கிறது என்பதால்தானே நீலகிரியில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் திட்டத்தை 2022இல் கொண்டு வந்தார்கள்? சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பதரை மணிக்கு ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தார்கள். தோட்டத்துக் காவலுக்கு இருந்த இருளர் பெரியவர் இரண்டு முறை வந்தார். "தம்பி, பாட்டை நிறுத்துங்கள். கீழே ஓடையில் யானை குட்டியோடு நிற்கிறது" என்றார். விடுதிக்காரர் அவரை அதட்டி அனுப்பிவிட்டார். அங்கிருந்த எல்லோரிலும் காட்டை அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் பேச்சை நாங்கள் கேட்டிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. தலைக்கு 3,500 ரூபாயில் அடங்கும் என்று சொன்ன சஃபாரிக்குத் தனியாக 4,000 ரூபாய் கேட்டார்கள். மாப்பிள்ளைக்காக என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம். ஓட்டி வந்தவனுக்குப் பத்தொன்பது வயதுகூட இருக்காது. முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, கையில் பிடித்த பெரிய டார்ச்சை மரங்களுக்கிடையே அடித்துக்கொண்டே போனான். அது யாருடைய நிலம், காப்புக்காடா பட்டா நிலமா என்று கேட்டேன். பதில் இல்லை. ஒரு திருப்பத்தில் வெளிச்சம் ஒரு பெண் யானையின் நெற்றியில் விழுந்தது. காலடியில் குட்டி. காது விரிந்ததைப் பார்த்தேன், பிளிறலைக் கேட்டேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது ஜீப் பின்னால் பாய்ந்தது மட்டும்தான். பள்ளத்தில் பின் சக்கரம் இறங்கி வண்டி சாய்ந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை கீழே விழுந்தான். கை அடியில் மாட்டிக்கொண்டது.

யானை எங்களை நோக்கிச் சில அடி வந்து நின்றது. குட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. நாங்கள் ஏழு பேரும் ஜீப் ஓட்டிய பையனும் உயிரோடு இருக்கிறோம் என்றால் அது அந்தத் தாய் யானை எடுத்த முடிவு. நாங்கள்தான் அதன் வீட்டுக்குள் நள்ளிரவில் விளக்கு அடித்தோம்.

சத்தம் கேட்டு வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் வந்தார்கள். அவர்கள்தான் என் நண்பனின் கையைக் குச்சி வைத்துக் கட்டி, தங்கள் வண்டியில் ஏற்றினார்கள். ஓட்டி வந்த பையன் அழுதுகொண்டே, "முதலாளிக்குச் சொந்தக்காரர்கள் என்று சொல்லுங்கள் அண்ணா" என்று எங்களிடம் கெஞ்சினான். நாங்கள் உண்மையைச் சொன்னோம். ஜீப்பைப் பறிமுதல் செய்தார்கள். எங்களிடமும் அபராதம் வாங்கினார்கள், அதை நியாயம் என்றே கருதுகிறேன். விடுதிக்காரர் அதற்குள் கைபேசியை அணைத்துவிட்டார். அந்தப் பையன் மீது எனக்குக் கோபமில்லை. இரவுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டேன், 400 ரூபாய் என்றான்.

மசினகுடிக்குப் போக இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முதுமலை புலிகள் காப்பகத்தில் இரவு சஃபாரி என்று ஒன்று கிடையாது. வனத்துறையே தெப்பக்காட்டிலிருந்து தன் வண்டிகளில் காலையும் மாலையும் அழைத்துப் போகிறது. அதற்கு டிக்கெட் உண்டு, ரசீது உண்டு. மற்றபடி யார் எந்தப் பெயரில் இரவில் அழைத்தாலும் அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களையும் சேர்த்துக் குற்றவாளியாக்கும். பந்திப்பூர் வழியாகப் போகும் மைசூரு சாலையே 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணிவரை மூடப்படுகிறது. பொதுச் சாலைக்கே அந்த நிலை என்றால், காட்டுத் தடத்தில் பதினொரு மணிக்கு ஓடும் ஜீப்புக்கு யார் அனுமதி தந்திருக்க முடியும்? திறந்த வெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைப்பதும் எந்த ஊரிலும் சட்டவிரோதம்தான்.

விடுதியைப் பற்றி இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பகுதி யானைகளின் வழித்தடம். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அங்கே அனுமதியில்லாத 27 விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் உறுதியும் செய்தது. "சோதனை வருகிறது, இடம் மாற்றுகிறோம்" என்று எங்களிடம் சொன்னதன் பொருள் இதுதான். 2021 ஜனவரியில் இதே மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் துணியை வீசிக் கொன்றார்கள். அதே மாதம் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. இரண்டையும் நான் நாளிதழில் படித்திருந்தேன். படித்தும் கூடாரத்தில் படுக்கத் தயாரானேன். ஊராட்சி தந்த உரிமத்தின் படத்தை முன்பணம் அனுப்பும் முன்பே கேளுங்கள். உரிமத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். போகும் கூட்டத்தில் ஒருவராவது அன்றிரவு குடிக்காமல் இருக்க வேண்டும். எங்களில் அப்படி ஒருவரும் இல்லை, அதனால்தான் ஜீப்பில் ஏறுவதா என்று ஒரு குரல்கூட எழவில்லை.

ஊட்டி அரசு மருத்துவமனைக்கு அந்த விடியற்காலையில் போய்ச் சேர எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. பணத்துக்காக 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகாரும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் இன்னொரு புகாரும் கொடுத்திருக்கிறோம். இரண்டிலும் புகார் எண் வந்திருக்கிறது. பணம் வரவில்லை.

நேற்று மாலை அதே நீச்சல் குளத்துப் படம் வேறொரு விடுதிப் பெயரோடு என் தம்பியின் கைபேசிக்கு வந்தது. இந்த முறை தலைக்கு 2,999 ரூபாய். வருகிற சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு கூடாரங்கள்தான் மீதி என்று எழுதியிருந்தார்கள்.