மகன் இருந்தால் குளிரும், போனால் குளிராது: 'கேஸ் கம்மி' என்று 590 வெள்ளி வாங்கிய கதை

சிங்கப்பூர் ஈசூனில் எங்களுடையது வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீடு. போன வருடம் பழைய ஏர்கானைக் கழற்றிவிட்டுப் புது சிஸ்டம் 3 போட்டோம். வீட்டுக்கு வெளியே கண்டென்ஸர் என்கிற பெரிய பெட்டி ஒன்று, உள்ளே சுவரில் மாட்டும் ஃபேன்காயில் மூன்று: ஹாலுக்கு 18,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு), இரண்டு படுக்கையறைக்கும் தலா 9,000. ஆறேழு மாதம் ஒரு குறையும் இல்லை. ராத்திரியில் எங்கள் அறையிலும் மகன் அறையிலும் சேர்ந்தே ஓடும்.

அப்புறம் மகன் தேசிய சேவைக்காகத் தேக்கோங் தீவு ராணுவ முகாமுக்குப் போனான். அந்த வாரமே எங்கள் அறையில் வெறும் காற்றுதான் வந்தது. ரிமோட்டில் 18 வைத்தாலும் அதே கதை.

பொருத்திய நிறுவனத்துக்கே போன் போட்டேன். வேலைக்கான 90 நாள் உத்தரவாதம் முடிந்துவிட்டதாம், வந்து பார்க்கவே காசு. வந்தவர் நம்ம ஊர்த் தம்பி, தமிழில் பேசினார். பாதி நம்பிக்கை அதிலேயே வந்துவிட்டது. கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, "அண்ணே, கேஸ் கம்மியா இருக்கு" என்றார். 120 வெள்ளி. ஏற்றிவிட்டு மூன்று ஃபேன்காயிலையும் 16-இல் ஓடவிட்டுக் காட்டினார். ஜில்லென்று வந்தது. அவர் லிஃப்ட்டில் இறங்கிய ஒரு மணி நேரத்தில் மறுபடி வெறும் காற்று.

இரண்டாம் தடவை 150. மூன்றாம் தடவை இரண்டு அறைக்கும் கெமிக்கல் வாஷ் (மருந்து போட்டுக் கழுவுவது), கூடவே இன்னும் கொஞ்சம் கேஸ், 320. ஒவ்வொரு முறையும் மூன்றையும் சேர்த்துப் போட்டுக் காட்டினார், ஒவ்வொரு முறையும் குளிர்ந்தது. நான் என்ன சொல்ல முடியும்? ரசீதில் 'சர்வீஸ், கேஸ்' என்று இரண்டே சொல். எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்ற பேச்சே கிடையாது.

நடுவில் இன்னொரு கூத்து. பூட்டியே கிடந்த மகன் அறையில் மெத்தையின் தலைமாடு முழுக்க ஈரம். மேல்வீட்டுக் குளியலறைதான் ஒழுகுகிறது என்று என் மனைவி அவர்களிடம் கேட்கவே போய்விட்டாள். நான் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். அணைத்துக் கிடந்த ஏர்கானின் மூடியைத் தூக்கினால் உள்ளே தகடெல்லாம் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது! அதைப் படம் எடுத்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற 1,400 வெள்ளி ஆகும் என்று பதில் வந்தது.

முடிச்சை அவிழ்த்தது என் மனைவிதான். "வாரக்கடைசியில பையன் வந்தா மட்டும் ஏர்கானுக்கு உயிர் வருது, கவனிச்சீங்களா?" என்றாள். சிரித்துவிட்டேன். அது சிரிக்கிற விஷயமில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீன அங்கிளை அனுப்பிவைத்தார். அவர் கேஜை வெளியிலேயே எடுக்கவில்லை. எங்கள் அறையை மட்டும் போடச் சொன்னார். வெளிச்சுவர்த் திட்டில் இருக்கும் கண்டென்ஸர் பக்கம் போய்ச் செப்புக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "வயர் ரோங் லா" என்றார்.

விஷயம் இதுதான். கண்டென்ஸரில் ஏ, பி, சி என்று மூன்று வழிகள். ஒவ்வொரு வழிக்கும் தனி வால்வு, தனி சிக்னல் வயர். ஏ வழியின் குழாய் எந்த அறைக்குப் போகிறதோ, ஏ வயரும் அந்த அறைக்கே போக வேண்டும். எங்கள் வீட்டில் குழாயைச் சரியாக மாட்டிவிட்டு, இரண்டு படுக்கையறை வயரையும் மாற்றிச் செருகிவிட்டார்கள். நான் என் ரிமோட்டை அழுத்தினால் மகன் அறை வால்வு திறக்கும். அங்கே ஃபேன் ஓடாது, அதனால் ஐஸ் கட்டி உருகிச் சொட்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால் இரண்டு வால்வும் திறந்திருக்கும், ஒரு வித்தியாசமும் தெரியாது.

அங்கிள் மெயினை அணைத்தார், வயரை மாற்றி மாட்டினார், பத்தே நிமிடம், 60 வெள்ளி. கேஸ் வேலைக்குத் தனியாக வாங்கினார். கேஸ் முழுவதையும் வெளியே எடுத்துத் தராசில் வைத்தால், கண்டென்ஸர் தகட்டில் போட்டிருக்கும் அளவைவிட 400 கிராம் அதிகம். அளந்து திரும்ப ஏற்றினார்.

ஏர்கான் கேஸ் கார் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் ஏற்ற மட்டும் வருகிறவரை நிறுத்தி, எங்கே கசிகிறது என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரஸரின் வேகத்துக்கு ஏற்ப கேஜ் முள் ஏறி இறங்கும். அதைக் காட்டி மட்டும் கம்மி என்று சொன்னால் நான் இனி நம்பமாட்டேன். புதிதாகப் பொருத்தினால் ஒவ்வொரு அறையையும் தனித்தனியாக இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். மூன்றையும் சேர்த்துப் போட்டுக் காட்டினால் இந்தத் தப்பு வெளியே தெரியவே தெரியாது.

590 வெள்ளியைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப் செய்தேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டவேண்டியது 10 வெள்ளிதான், இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். மூன்று ரசீதையும் ஐஸ் படத்தையும் சேர்த்து நேற்று ராத்திரி இணையத்தில் பதிந்துவிட்டேன். பதிந்ததின் நகலை அதே வாட்ஸ்அப்பில் அனுப்பியதும், இத்தனை நாள் வாய் திறக்காத நம்பரிலிருந்து இன்று காலை ஏழு மணிக்கே போன்: "அண்ணே, பேசித் தீர்த்துக்கலாமே."