தொழிலில் எந்த ஊர் உறுதியானது: தூத்துக்குடியா, கோயம்புத்தூரா?

தூத்துக்குடிக்குக் கடல்தான் முதலீடு. முத்தில் தொடங்கிய ஊர். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இங்கேதான். 1974-இல் பெரிய துறைமுக அந்தஸ்து கிடைத்தது. நிலக்கரி கப்பலில் வர, அனல்மின் நிலையம் வந்தது. உர ஆலையும் அமைந்தது. உப்பளங்கள் சொந்தச் சரக்கு. சரக்கு வரத்து குறைந்தால் லாரிக்காரர் முதல் டீக்கடை வரை எல்லாருக்கும் வலிக்கும்.

கோவைக்குக் கடல் கிடையாது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் பக்கத்தில், பருத்திக்கு ஏற்ற கரிசல் மண் சுற்றிலும். 1888-இல் முதல் பெரிய நூற்பாலை. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம்: ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்த்த பட்டறைகளே உதிரிபாகம், மோட்டார், பம்ப்செட், வெட் கிரைண்டர் என்று வளர்ந்தன. ஒரு தொழில் படுத்தாலும் கைத்திறன் இன்னொன்றுக்குத் தாவிவிடும். அதனால் என் ஓட்டு கோவைக்கே.

சரி, துறைமுகம் வேண்டாமா? பக்கத்துத் திருப்பூர் பனியன் கன்டெய்னர்களைக் கேளுங்கள். அவற்றில் பெரும்பகுதி கப்பல் ஏறுவது தூத்துக்குடியில்தான்.